சரவணம்பட்டியில் எல்லோரும் அஞ்சு சொன்ன தெரு

வெள்ளகோவிலில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறவள் நான். எண் என்று ஒன்றைக் காட்டினால் நம்பிவிடுவேன். அரையாண்டு லீவில் தோழி கலைவாணி போன் செய்து, "சரவணம்பட்டில ஒரு தெருவுல ஊடு ஊடாப் போயி, சனங்க எப்படி வாழறாங்கன்னு அளந்துட்டு வரோணும், வாறியா?" என்று கேட்டதும் ஒத்துக்கொண்டேன். அவள் ஒரு மருத்துவ அறக்கட்டளையில் இருக்கிறாள். அவர்களிடம் டாக்டரோடு வரும் வண்டி ஒன்றுதான் உண்டு. நான் அளக்கப்போகும் தெரு, வேறு ஆட்கள் அளக்கும் இன்னொரு தெரு, இரண்டில் எதற்கு நலத்தில் மதிப்பெண் குறைவோ அந்தத் தெருவுக்கு வாரம் ஒரு நாள் அது போகும்.

ஞாயிற்றுக்கிழமை காலை 5.50 பஸ். கோவை சிங்காநல்லூருக்கு 82 கிலோமீட்டர், அறுபத்தைந்து ரூபாய். மார்கழிப் பனி ஜன்னலை மூடியிருந்தது. காங்கேயம் தாண்டியும் தென்னைகளுக்குத் தலை மட்டும்தான் இருந்தது, அடி இல்லை. பல்லடத்தில் டீ குடித்தேனா, குடித்ததாகக் கனவு கண்டேனா என்பது இன்றுவரை தெளிவில்லை. பர்ஸில் பன்னிரண்டு ரூபாய் குறைந்திருந்தது, அதனால் குடித்திருப்பேன். 8.15க்கு சிங்காநல்லூர். அங்கிருந்து காந்திபுரம், பிறகு சத்தி ரோட்டில் சரவணம்பட்டி, இரண்டுமே டவுன் பஸ். பெண்களுக்கு டிக்கெட் இலவசம் என்பதால் செலவு பூஜ்யம்.

ஸ்டாப்பிலிருந்து தெருவுக்கு இரண்டு கிலோமீட்டர், ஆட்டோ அறுபது ரூபாய். டிரைவர் என் பேப்பர் கட்டைப் பார்த்தார். "ஏனுங்க, சர்வேங்களா? இங்கெல்லாம் நல்லாத்தான் இருக்கறமுங்க. வெயிலுக்கு முன்னாடி முடிச்சுப்போடுங்க."

ஐ.டி. பார்க்கின் பின்புறத் தெரு அது. கண்ணாடிக் கட்டடத்தில் மேகம் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. அதன் அடியில் ஓட்டு வீடுகள். ஒரு தலைமுறைக்கு முன்னால் தோட்டம், காடு என்று விவசாயக் கூலிக்குப் போனவர்களின் பிள்ளைகள் இப்போது அந்தக் கட்டடத்துக்குள் துடைக்கிறார்கள், காவல் நிற்கிறார்கள், கேன்டீனில் சமைக்கிறார்கள். காலை வெளிச்சம் கண்ணாடியில் பட்டுத் திரும்பி வந்து தெருவில் விழுந்ததில், எல்லோருக்கும் இரண்டிரண்டு நிழல். பேனாவை மூடி வைத்துவிட்டு நான் கொஞ்ச நேரம் அந்த நிழல்களையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

முதல் வீடு ஜெசிந்தா அக்கா. ஐம்பது வயது இருக்கும், ஐ.டி. பார்க்கில் துப்புரவு வேலை. என்னை நாற்காலியில் உட்காரவைத்துக் காபி கொடுத்த பிறகுதான் கேள்விக்கே வந்தார். தூக்கம், வலி, நடை, மனசு என்று இருபத்தாறு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் அஞ்சு வரை மதிப்பெண், அஞ்சு என்றால் அருமை.

"எல்லாத்துக்கும் அஞ்சே போட்டுக்கங்க டீச்சர். நமக்கென்னங்க குறை?"

அடுத்த வீடு தங்கமணி அக்கா, கேன்டீனில் தோசை ஊற்றுகிறவர். இன்னொரு காபி, அங்கேயும் எல்லாம் அஞ்சு. பதினோரு வீடு, ஒன்பது காபி, அத்தனையும் அஞ்சு. எனக்கு ஒரே சந்தோஷம். கலைவாணிக்குப் போன் போட்டேன்.

"அடியே, அஞ்சஞ்சா வந்தா வண்டி அந்த இன்னொரு தெருவுக்குப் போயிரும்" என்றாள். "நம்மூர்க்காரங்க வந்தவங்ககிட்ட நோவு சொல்லுவாங்களா? நீயே சொல்லுவியா?"

மாட்டேன். போன வாரம் முழங்கால் வலியோடு நொண்டிக்கொண்டே, கேட்டவரிடமெல்லாம் நல்லா இருக்கேனுங்க என்று சொன்னவள்தானே நான். கணக்கு டீச்சராம். எனக்கே வெட்கமாகிவிட்டது.

தெருக்குழாயில் தங்கமணி அக்கா குடம் வைத்துக்கொண்டிருந்தார். வண்டி விஷயத்தைச் சொன்னேன். தண்ணீர் நிறைந்து வழிந்தும் அவர் குழாயை மூடவில்லை. "ஏனுங்க டீச்சர், ஜெசிந்தா வலிக்கு எத்தனைங்க சொல்லுச்சு?"

"ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர்கிட்டச் சொல்லக்கூடாதுங்க."

"அவ சொல்லியிருக்க மாட்டா. வாங்க."

என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் ஜெசிந்தா அக்காவின் வாசற்படியில் உட்காரவைத்தார். "அந்தக் காலைக் காட்டு ஜெசி."

"போ அம்மணி, வந்தவங்க முன்னாடி."

"மூணு மாசமா ஆறாத புண்ணுங்க. சக்கரை வேற. துணியச் சுத்திட்டு வேலைக்குப் போறா. ஒரு நாள் லீவு போட்டு ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டேங்குறா. காலையே எடுத்துருவாங்களோன்னு எனக்கு உசுரே போகுதுங்க."

ஜெசிந்தா அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "இவ மட்டும் என்னங்களாம்? புகையில நின்னு நின்னு ராவெல்லாம் இழுப்பு. சுவத்துக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேக்குது."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டுச் சிரித்தார்கள். பிறகு ஜெசிந்தா அக்கா துணியை அவிழ்த்தார். நான் புதுத் தாள் எடுத்தேன்.

அன்று மாலை நாலு மணி வரை பதினோரு வீட்டையும், அவரவர் விரும்பிய பக்கத்து வீட்டாரோடு உட்காரவைத்து மறுபடி கேட்டேன். அந்த இன்னொரு தெருவுக்குப் போனவர்களையும் அப்படியே கேட்கச் சொன்னாள் கலைவாணி. இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே மதிப்பெண். ஒரு செவ்வாய் இங்கே, மறு செவ்வாய் அங்கே என்று முடிவானது.

இதுமாதிரி வேலைக்குக் கிளம்புகிறவர்களுக்கு: மார்கழி, தை நல்ல மாதங்கள். ஸ்வெட்டர் வேண்டும். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் போங்கள், காபியை மறுத்தால் பேச்சு நின்றுவிடும். ஒரே சுற்றில் முடிக்க நினைக்காதீர்கள். தாள்கள் இரண்டு மடங்கு எடுத்துப்போங்கள், முதல் தடவை எழுதுவது பெரும்பாலும் மரியாதைதான்.

முதல் செவ்வாய்க்கு லீவு போட்டுவிட்டு நானும் போயிருந்தேன். அன்றும் பனி. வெள்ளை வண்டி அதற்குள்ளிருந்து சத்தமில்லாமல் வந்து நின்றது. வரிசையில் முதலில் ஜெசிந்தா அக்கா, அவர் கையை விடாமல் தங்கமணி அக்கா.

"எப்படிம்மா இருக்கீங்க?" என்றார் டாக்டர்.

"நல்லா இருக்க..." என்று தொடங்கினார் ஜெசிந்தா அக்கா. தங்கமணி அக்கா கையை அழுத்தினார்.

"கால் வலிக்குதுங்க" என்றார், ஏதோ தப்புச் செய்துவிட்டவர்போல.