அணியத்தில் அஸ்பாக்

சுபியான் கட்டிய வீட்டுக்குள் இருந்துகொண்டு சுபியானையே வெறுப்பது லேசான காரியமில்லை. மிஹ்லார் அதைப் பல வருசமாகச் செய்துகொண்டிருந்தான். காலையில் கண் முழித்தால் தெரிவது சுபியான் போட்ட கூரை. முகம் கழுவுவது சுபியான் வெட்டிய கிணற்றில். கல்முனைக்குடியில் கல்யாணம் முடிக்கிற ஆம்பிளை பெண் வீட்டுக்குத்தான் போக வேண்டும். அந்த வீட்டைப் பெண்ணின் வாப்பா கட்டுவார். வாப்பா மௌத்தாகிவிட்டால் அண்ணன்மாரான காக்காமார் கட்டுவார்கள். மிஹ்லாரின் மனைவி நபீலாவுக்கு வாப்பா இல்லை. அவளுடைய காக்கா சுபியான் கடலில் கிடந்து உழைத்து, தன் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டு தங்கச்சிக்கு வீட்டை எழுப்பினான். அதை மிஹ்லார் ஒருநாளும் இல்லையென்று சொன்னதில்லை. வீடு கட்டிக் கொடுத்தவன் என்பதற்காகப் பிள்ளையைப் பீடை, முசீபத்து என்று சொல்லலாமா?

சுபியான் முதல் போட் வாங்கிய நாளில் நடந்தது அது. அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் இருந்தது. புதுப் போட் முதல் ஓட்டத்தில் மீனுக்குப் போகாது. மௌலூது ஓதி, நார்சாச் சோறு பகிர்ந்து, குடும்பம் முழுக்க ஏறி ஆற்றுவாய் வரை போய்த் திரும்பும். போட்டின் முன்முனையை அணியம் என்பார்கள். அந்த அணியத்தில் போட்காரனின் தங்கச்சி மகன் இருக்க வேண்டும். சொந்த மகன் என்றாலும் பின்னால்தான் இருப்பான்.

மிஹ்லாரின் மகன் அஸ்பாக் அப்போது சின்னப் பிள்ளை. எஞ்சினைக் கிளப்பியதும் காதைப் பொத்திக்கொண்டு அலறினான். யார் தூக்கியும் அடங்கவில்லை. சுபியான் அவனை இழுத்தெடுத்து, மீன்பெட்டி இறக்குகிற மாதிரி நபீலாவின் கையில் போட்டான்.

"இந்த முசீபத்த வெச்சிட்டு என்ட போட் தண்ணியில போகாது. வீட்ட கொண்டு போ" என்றான்.

கரையில் நின்ற அத்தனை பேரும் கேட்டார்கள். பிறகு தன் மனைவியின் தங்கச்சி மகனைத் தூக்கி அணியத்தில் இருத்திக்கொண்டு போனான்.

அது ஓட்டிசம் என்று கிளினிக்கில் பிற்பாடுதான் சொன்னார்கள். பெயர் தெரிந்த பிறகும் சுபியான் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. பெருநாளைக்கு வருவான், உடுப்புக் கொண்டு வருவான், பிள்ளையின் தலையைத் தடவுவான், போவான். அன்றைக்குச் சொன்னது பிழை என்று மட்டும் சொல்ல மாட்டான்.

மிஹ்லார் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் போட் எஞ்சினுக்குள் கையை விட்டவன். கை எப்போதும் கறுப்பு. கதைப்பது குறைவு, கதைத்தால் சத்தம். நாள் முழுக்க எஞ்சின் இரைச்சலுக்கு மேலால் கத்திப் பழகியவனுக்கு மெல்லக் கதைக்க எங்கே வரும்? பட்டதை மறக்கிற ஆளுமில்லை. ஒருமுறை ஒருத்தன் தேத்தண்ணிக் கடையில் வைத்து இவனைப் பகிடி பண்ணினான். அவனுடைய எஞ்சின் மாரிகாலம் முடியும்வரை மிஹ்லாரின் எஞ்சின் கடை மூலையில் சாக்குக்குள் கிடந்தது. "சாமான் வரல்ல" என்று மட்டும்தான் மிஹ்லார் சொன்னான். சாமான் மேசைக்குக் கீழே இருந்தது.

சுபியானின் எஞ்சினை அப்படிப் போட்டுவைக்க ஏலாது. நபீலா விட மாட்டாள். அதனால் அவன் காத்திருந்தான்.

நேற்றுவரை ஒரு போட்டோடு இருந்த சுபியான் இன்னொன்று, அதைவிடப் பெரியது, எடுக்கப் போகிறான் என்ற கதையை நபீலாதான் கொண்டு வந்தாள்.

"எஞ்சின நீங்கதான் பூட்டணுமாம். காக்கா சொல்லச் சொன்னாரு."

"அணியத்துல ஆரு?"

"அத நான் கேக்கல்ல."

"அஸ்பாக்தான். போய்ச் சொல்லு."

நபீலா அரிசி கொழித்த சுளகைக் கீழே வைத்தாள். "இது புள்ளைக்காகவா, காக்காக்காகவா?"

"ரெண்டுக்கும்."

"புள்ளைக்கு எவ்வளவு?"

"அரைவாசி."

"மத்த அரைவாசி கொஞ்சம் பெரிசாக் கெடக்கும் போல" என்று சொல்லிவிட்டு அவள் மறுபடியும் சுளகை எடுத்தாள்.

மிஹ்லார் சிரிக்கவில்லை. அவன் மனசுக்குள் அந்த நாள் ஏற்கனவே நடந்துகொண்டிருந்தது. எல்லோரும் ஏறியிருப்பார்கள். எஞ்சின் ஓடும். அஸ்பாக் அணியத்தில் அசையாமல் இருப்பான். அப்போது இவன் எழும்பி நின்று கேட்பான்: "இப்ப சொல்லு மச்சான், ஆரு முசீபத்து?" பிளக்கைக் கழற்றும்போதும் பூட்டும்போதும் அந்த ஒரு கேள்வியைத்தான் வாய்க்குள் வைத்து உருட்டினான்.

பிள்ளையைப் பழக்குவது எப்படியென்று கிளினிக்கில் இருந்த மிஸ்ஸிடம் கேட்டான். "முன்னுக்கே காட்டாத ஒண்டையும் அவனுக்குச் செய்யாதீங்க" என்றாள் அவள். "என்ன வரும், அதுக்குப் பிறகு என்ன வரும், எங்க முடியும். அது தெரிஞ்சா அவன் வருவான்."

மிஹ்லார் அதை எஞ்சின் வேலை மாதிரி எடுத்துக்கொண்டான். எதற்குப் பிறகு எது என்று பார்த்தான். யாரோ கைவிட்ட உடைந்த போட் ஒன்றை வளவுக்குள் இழுத்துப் போட்டான். அஸ்பாக் உள்ளே கால் வைக்க மாட்டேன் என்றான். பைபர் அவன் காலைச் சொரசொரவென்று உரசியது. அவன் படுக்கிற பாயை அதற்குள் விரித்ததும் ஏறினான். நீலக் கோப்பையில் போட்டால்தான் அவன் இடியப்பம் தின்பான். நீலக் கோப்பையும் அணியத்துக்குப் போனது. லைஃப் ஜக்கட்டை முதலில் தூக்கி எறிந்தான். பிறகு அதன் கொளுவி 'டிக்' என்று பூட்டுகிற சத்தம் பிடித்துப்போய், தானே பூட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தான். அதைப் போட்டுக்கொண்டே நித்திரையும் கொண்டான்.

எஞ்சின் சத்தம்தான் பெரிய பாடு. கடையில் எஞ்சினைத் தண்ணீர்ப் பீப்பாவுக்குள் இறக்கித்தான் ஓட்டிப் பார்ப்பார்கள். நபீலா பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஒழுங்கை முனையில் நிற்பாள். மிஹ்லார் இங்கே எஞ்சினைக் கிளப்புவான், உடனே நிற்பாட்டுவான். மறுநாள் அவர்கள் கொஞ்சம் கிட்ட வருவார்கள். சில நாட்களில் பின்னுக்கும் போனார்கள். ஒருநாள் அஸ்பாக் கையை விடுவித்துக்கொண்டு தானே வந்து, நடுங்குகிற பீப்பாவில் கன்னத்தை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு 'ம்ம்' என்று எஞ்சினோடு சேர்ந்து முனகினான். மிஹ்லார் ஸ்பேனரைக் கீழே வைத்தான். அடுத்த நிமிசம் சுபியானின் முகம் ஞாபகம் வந்து மறுபடியும் ஸ்பேனரை எடுத்தான்.

கடைசியாகக் கந்தப்போடியின் தோணியில் களப்புத் தண்ணீரைச் சுற்றிவர விட்டான். வலை வீசுகிற கிழவன் கந்தப்போடி பிள்ளையை எதிரில் இருத்திக்கொண்டு ஒன்றுமே கதைக்காமல் துடுப்புப் போட்டான். கரையில் நின்ற மிஹ்லார், "கைய உள்ள வை! நேரா இரி!" என்று கத்திக்கொண்டேயிருந்தான்.

திரும்பி வந்த கந்தப்போடி சொன்னான்: "தம்பி, உன்ட மகன் தோணிக்குள்ள தங்கம் மாதிரி இருக்கான். உன்னத்தான் கொஞ்சம் பழக்கணும்."

"அத விடு போடியார், பொடியன் இருந்தானா இல்லையா?"

"இருந்தான், இருந்தான்."

போட் இறக்குகிற நாள் வந்தது. மிஹ்லார் போனில் எடுத்து வைத்திருந்த படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினான். ஜக்கட், வேன், மணல், போட், மாமா, எஞ்சின், ஆற்றுவாய், திரும்ப வீடு. ஒவ்வொரு படத்துக்கும் அஸ்பாக், "பிறகு?" என்று கேட்டான். வீட்டுப் படம் வந்ததும் கேட்கவில்லை.

ஆற்றங்கரையில் மௌலூது ஓதி முடிந்து, சோறும் பகிர்ந்தாயிற்று. புதுப் போட் அணியத்தை மணலில் குத்திக்கொண்டு, பின்பக்கம் தண்ணீரில் மிதந்தது. ஜக்கட்டோடு வருகிற பிள்ளையைக் கண்டதும் சுபியான் இடுப்பில் கை வைத்தான்.

"மச்சான், புள்ளைக்குக் கஷ்டமா இருக்காதா?"

"நீ உன்ட போட்டப் பாரு."

அஸ்பாக் யார் முகத்தையும் பார்க்கவில்லை. நேரே போனான், தன் பாயை அணியத்தில் விரித்தான், இருந்தான். கொளுவியை 'டிக்' என்று பூட்டினான். பெண்களும் பிள்ளைகளும் பின்னால் ஏறினார்கள். மிஹ்லார் எஞ்சினைக் கிளப்பினான். அஸ்பாக் தன் பங்குக்கு முனகத் தொடங்கினான். "மாஷா அல்லாஹ்" என்று யாரோ சொன்னார்கள். நபீலா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

சுபியான் ஒருதரம் பிள்ளையைப் பார்த்தான். "நல்லம்" என்றான். கயிற்றை அவிழ்க்கக் குனிந்தான்.

நல்லம்! இத்தனை வருசத்துக்கும் சேர்த்து ஒரு நல்லம்! மிஹ்லாருக்குக் காதெல்லாம் சூடேறியது. எழும்பி நின்றான்.

"இப்ப சொல்லு மச்சான், ஆரு முசீபத்து? அண்டைக்கு இதே சனத்துக்கு முன்னால சொன்னியே, இப்ப அவங்களுக்கு முன்னாலயே சொல்லு! புள்ளைக்கிட்ட மாப்புக் கேளு!"

எஞ்சினுக்கு மேலால் கத்தினான். அஸ்பாக்கின் முனகல் உயர்ந்தது. காதைப் பொத்தினான். நபீலா, "இஞ்சாருங்க, வாய மூடுங்க!" என்றாள். எஞ்சின் சத்தம்தான் பிள்ளையைக் கலைக்கிறது என்று நினைத்து மிஹ்லார் அதை நிற்பாட்டினான். நிற்பாட்டிவிட்டு அதே சத்தத்தில் தொடர்ந்தான்: "கேளு! கேட்டுட்டுக் கயித்த அவிழு!"

இப்போது ஆற்றங்கரையில் அவன் குரல் மட்டும்தான் இருந்தது. அஸ்பாக் நெற்றியைப் போட் விளிம்பில் இடித்தான். மறுபடியும் இடித்தான். சுபியான் கயிற்றை விட்டுவிட்டு ஓடிவந்து, தன் உள்ளங்கையை விளிம்பில் வைத்தான். பிள்ளையின் நெற்றி அந்தக் கையில் விழுந்தது.

"மச்சான், முதல்ல புள்ளையப் பாரு. என்னப் பிறகு பாரு" என்றான், மெல்ல.

அந்த மெல்லிய குரல் மிஹ்லாரைச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. எஞ்சினைக் காட்டினான், அலையைக் காட்டினான், பாயைக் காட்டினான், எல்லாவற்றையும் பிள்ளைக்கு முன்னுக்கே காட்டினான். தன்னுடைய இந்தக் கோபத்தை மட்டும் காட்டவில்லை. மாப்புக் கேட்க வேண்டியவன் இப்போது நல்லவனாக நிற்கிறான், இவன் கத்துகிறவனாக நிற்கிறான். சனமெல்லாம் இவனைத்தான் பார்த்தது. சுபியானின் கழுத்தைப் பிடிக்க வேண்டும் போலக் கை துடித்தது. அந்தக் கழுத்துக்குக் கீழேதான் பிள்ளையின் தலை இருந்தது.

அஸ்பாக் காதிலிருந்து ஒரு கையை எடுத்தான்.

"வாப்பா எறங்கு."

அவன் ஒரே மூச்சில் இரண்டு சொல் சேர்த்துச் சொல்லுவது அபூர்வம்.

"மாமாவ எறங்கச் சொல்லுறியா மனே?" என்றான் மிஹ்லார்.

"வாப்பா."

நபீலா புருசனைப் பார்க்காமலே சொன்னாள்: "எறங்குங்க. போகணுமெண்டு புள்ள ஆசப்படுறான்."

அவன் இறங்கினான். சாரத்தை முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, தண்ணீருக்குள் நடந்து மணலுக்கு வந்தான். சுபியான் பின்னால் போய் எஞ்சினைக் கிளப்பினான். அஸ்பாக்கின் முனகல் மெல்ல மெல்ல எஞ்சினோடு சேர்ந்தது. சனம் ஏறிய பாரத்தில் அணியம் மணலில் புதைந்து கிடந்தது. போட் அசையவில்லை.

அஸ்பாக் குனிந்து மணலைப் பார்த்தான். பிறகு, எதிரே நின்ற மிஹ்லாரின் கையைப் பிடித்து, சுபியானின் புதுப் போட்டில் வைத்தான்.

"வாப்பா, தள்ளு."