துல்மா அக்காவின் கடைசிப் பக்கம்

எங்கள் ஊர் எல்லையை யாரும் நடந்து கடக்க முடியாது. சீனப் பக்கத்து எரீன் ஊர் கண்ணுக்குத் தெரிகிற தூரம்தான். இருந்தாலும் ஜீப்பில் ஏறித்தான் போக வேண்டும், சட்டம் அப்படி. அந்தச் சட்டம்தான் எனக்கும் துல்மா அக்காவுக்கும் பிழைப்பு.

இருபத்திரண்டு வருஷமாக அக்கா ஜீப் ஓட்டுகிறாள். ஆட்களை எரீன் சந்தையில் இறக்கிவிட்டு, மூட்டை முடிச்சுகளோடு திரும்பிவருவாள். சந்தையைத் தாண்டி ஓரடி வைத்ததில்லை. எங்கள் தொழிலில் பாஸ்போர்ட்டை முத்திரைகளே தின்றுவிடும். அவளுடையதில் ஒரே ஒரு பக்கம் மிச்சமிருந்தது. அதை மகள் நொமினுக்காக வைத்திருந்தாள்.

நொமின் எரீனிலிருந்து ரயிலில் போகிற ஹொஹொத் நகரத்தில் இருந்தாள், இரண்டு மாதக் கைக்குழந்தையோடு. எங்கள் வழக்கப்படி பெரியவர் ஒருவர் குழந்தையின் காதில் பெயரை மூன்று முறை சொல்ல வேண்டும். அம்மா வந்து சொல்லட்டும் என்று நொமின் காத்திருந்தாள். வருகிற செவ்வாய்க்கிழமை, நொமினின் புருஷன் வேலைக்காக, அவர்கள் தெற்கே கடலோரத்துக்குக் குடிபெயர்கிறார்கள். அவ்வளவு தூரம் போய்விட்டால் அப்புறம் எப்போது பார்ப்பது?

வியாழக்கிழமை அக்கா என் ஜீப்பில் பயணியாக ஏறினாள். மற்ற ஓட்டுநர்கள் சக்கரத்தில் பால் தெளித்து வழியனுப்பினார்கள்.

"மெதுவா ஓட்டுடா கோதவ், குதிரையை விரட்டுற மாதிரி விரட்டாதே."

"நீ இன்னைக்குப் பயணி, அக்கா. வாயை மூடிட்டு வேடிக்கை பாரு."

வேடிக்கை பார்த்தாள். மணல் பறந்து வானமும் தரையும் ஒரே நிறமாகியிருந்தன. எல்லை மேல் கட்டியிருக்கிற வானவில் வளைவு மட்டும் அந்தரத்தில் மிதந்தது. "இத்தனை வருஷத்துல இதை அண்ணாந்து பாத்ததே இல்லடா" என்றாள். அப்புறம் குழந்தையின் பெயரை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். எனக்குக் கேட்கவில்லை.

எரீன் சந்தையில் இறங்கியபோது ஹொஹொத் ரயிலுக்கு மூன்று மணி நேரம் இருந்தது. அவள் சும்மா இருப்பாளா? என் மூட்டைகளைக் கட்டிக்கொடுத்தாள். கடைசி மூட்டை ஏறியதும், பாழாய்ப்போன என் வாய் தினமும் ஊர் திரும்பும்போது சொல்வதுபோலவே சொன்னது: "ஏறுக்கா, போலாம்."

பழக்கதோஷத்தில் ஏறிவிட்டாள். கண்கள் பாதி மூடியிருந்தன. சீனப் பக்கத்துச் சோதனைக் கூடத்தில் வரிசையில் நின்று முத்திரை வாங்கினாள், மறுபடி வந்து ஏறினாள். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை.

எங்கள் பக்கத்து அதிகாரி முத்திரையைக் குத்திவிட்டுச் சிரித்தார். "என்னம்மா, அதுக்குள்ள பேத்தியைப் பாத்துட்டு வந்துட்டீங்களா?"

அக்கா கடைசிப் பக்கத்தைப் பார்த்தாள். போக இரண்டு, வர இரண்டு என்று நாலு முத்திரையில் நிறைந்திருந்தது. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நீயாவது சொல்லக் கூடாதாடா, மடையா!"

அழுதாள். நானும் அழுதேன், அதிலென்ன வெட்கம். புதுப் பாஸ்போர்ட் வரப் பத்து நாளாகும்.

போனை அக்கா என் கையில் திணித்தாள். நான்தான் நொமினிடம் சொன்னேன். சிரிப்பும் அழுகையுமாக அவள் குரல் கேட்டது: "அம்மாவை எல்லை வாசல்ல நிக்கச் சொல்லுங்க மாமா. பாப்பா பாஸ்போர்ட் நேத்துதான் கைக்கு வந்துச்சு. நாங்களே வரோம்."

சனிக்கிழமை எரீனில் நொமினையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டேன். வாழ்நாளில் அவ்வளவு மெதுவாக நான் ஓட்டியதில்லை. கூட வந்த வியாபாரிகள் திட்டித் தீர்த்தார்கள். குழந்தை வானவில்லுக்குக் கீழே தூங்கிக்கொண்டே எல்லை கடந்தது.

எங்கள் பக்கத்து எல்லை வாசலில் அக்கா நின்றிருந்தாள். வரவேற்கக் கைகளில் நீலப் பட்டுத்துணி, அதன்மேல் பால் கிண்ணம். எத்தனையோ பேரை அந்த வாசலுக்குக் கொண்டுவந்து சேர்த்தவள், அங்கே நின்று காத்திருந்தது அன்றைக்குத்தான். பால் பாதி சிந்திப்போயிருந்தது.

குழந்தையை வாங்கினாள். காதில் மூன்று முறை பெயரைச் சொன்னாள். பிறகு அதன் பாஸ்போர்ட்டைப் புரட்டினாள். ஒரு பக்கத்தில் மட்டும் மை காயாத முத்திரை.

"மிச்சம் பூரா காலியா இருக்குடி தங்கம்" என்றாள். "பாத்துச் செலவு பண்ணு. இந்தக் கோதவ் ஏறுன்னு சொன்னா மட்டும் ஏறிடாதே."