எங்கள் மாடியில் மட்டும் பெய்த மழை

போன கோடை விடுமுறையில் என் மகளுக்கு வயது பத்து. பள்ளிக்கூடம் மூடிய மூன்றாம் நாளே செல்போனும் அவளும் ஒட்டிக்கொண்டுவிட்டார்கள். போனைப் பிடுங்கினால் வீடு இரண்டுபடும். பிடுங்காவிட்டால் எனக்கு ரத்தம் கொதிக்கும். எனக்குப் பொறுமை கொஞ்சம் கம்மி. இதை என் கணவர் சொன்னால் சண்டைக்குப் போவேன் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன்.

தென்னூரில் நான் வேலை பார்க்கும் ஆபீசில் பக்கத்து சீட்டுத் தோழிதான் ஒரு வழி சொன்னார். பிள்ளைகள் வீட்டிலிருந்தபடியே மழையை அளந்து இணையத்தில் பதிவு செய்கிற திட்டம் ஒன்று இருக்கிறதாம். ஊர் ஊராக வந்து சேரும் அளவுகளை விஞ்ஞானிகள் ஒன்றாகப் போட்டுப் பார்ப்பார்களாம். "போனைத் தொட தினம் அஞ்சு நிமிஷம் போதுங்க," என்றார். அந்த அஞ்சு நிமிஷத்தில்தான் நான் விழுந்தேன். மே மாதத்துத் திருச்சியில் அளப்பதற்கு மழை எங்கே இருக்கிறது என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

நாங்கள் ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலையை ஒட்டிய ஒரு சந்தில் மாடிப் போர்ஷனில் குடியிருக்கிறோம். கீழே வீட்டுக்கார மாமி தனியாக இருக்கிறார். மொட்டை மாடிக்கென்று மாமி வைத்திருக்கும் சட்டதிட்டங்களை எழுதினால் ஒரு நோட்டு தாங்காது. செருப்புடன் ஏறக் கூடாது, வடாம் காயும்போது துணி உதறக் கூடாது, இத்யாதி. அதனால் மாமியிடம் அனுமதி கேட்கவே இல்லை. கேட்டால் கிடைக்காது என்பது என் முடிவு. பக்கவாட்டில் நேராக இருக்கும் ஒரு பிளாஸ்டிக் ஜாடியில் ஸ்கேலை ஒட்டி, காற்றில் சாயாமல் இருக்க மூன்று செங்கல் அணைத்து, மாடி மூலையில் சத்தம் போடாமல் வைத்துவிட்டு வந்தோம்.

தினம் காலை எட்டு மணிக்கு அளக்க வேண்டும், அளந்ததும் ஜாடியைக் கவிழ்த்துக் காலி செய்ய வேண்டும், மழை இல்லாவிட்டாலும் இல்லை என்று பதிய வேண்டும். இவைதான் விதிகள். பன்னிரண்டு நாள் பூஜ்யம் போட்டாள். "ஜீரோ போட்டுப் போட்டுக் கை வலிக்குதும்மா," என்று புலம்பினாள். பதின்மூன்றாம் நாள் காலை, படிகளில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கி வந்தாள். நாலு மில்லிமீட்டர் மழையாம். இரவு எல்லோரும் தூங்கும்போது பெய்திருக்க வேண்டும் என்று அவளே தீர்ப்பும் சொன்னாள். எனக்கும் சந்தோஷம்தான். கேசரி கிண்டினேன்.

அடுத்த நாள் ஆறு. அதற்கடுத்த நாள் ஐந்து. ஆபீசில் பெருமையாகச் சொன்னேன். மன்னார்புரத்திலிருந்து வரும் அந்தத் தோழி என்னை ஒரு மாதிரி பார்த்தார். "எங்க பக்கம் ஒரு சொட்டு இல்லீங்களே. உங்க ஸ்ரீரங்கத்துக்கு மட்டும் தனி மேகமா?" என்றார். சிரித்துச் சமாளித்தேன். ஆனால் மறுநாள் காலை, அவள் மழை என்று பதிந்த பிறகு, கொடியில் கிடந்த துணியை எடுக்கும்போது சந்தேகம் எட்டிப் பார்த்தது. முதல் நாள் மாலையிலிருந்து கிடந்த துணி அது. மொடமொடவென்று காய்ந்திருந்தது.

ஐந்தாம் நாள் மழைக்குப் பிறகு திட்டத்துக்காரர்களிடமிருந்து போனுக்கு ஒரு செய்தி வந்தது. சுற்றுவட்டாரத்தில் எங்கும் மழை இல்லை, ஒருமுறை சரிபார்க்க முடியுமா என்று மரியாதையாகத்தான் கேட்டிருந்தார்கள். எனக்குத்தான் மரியாதை போய்விட்டது.

"நீயே ஊத்திட்டு நீயே அளக்கறியா?" என்று கேட்டேன்.

"நான் ஊத்தலம்மா."

"பின்ன யாரு ஊத்துனா?"

"வானம்."

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். அன்று கத்தினேன். ஜீரோ போட அலுத்துப்போய்ப் பொய் அளவு அனுப்புகிறாய் என்றேன். அவள் அழவில்லை. நோட்டை மூடி பிரிட்ஜ் மேல் வைத்தாள். "இனிமே நான் அளக்கல," என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். அடம் பிடிப்பாள், சோம்பேறி, தலை சீவ விடமாட்டாள். ஆனால் பொய் சொல்ல மாட்டாள் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கைதான் இப்போது ஆட்டம் கண்டது.

கையும் களவுமாகப் பிடித்தே தீருவது என்று மறுநாள் விடியும்போதே மாடிக்குப் போனேன். ஜாடி காலியாக இருந்தது. தண்ணீர் டாங்க் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். சற்று நேரத்தில் படியில் காலடிச் சத்தம் கேட்டது. மேலே வந்தது மாமி. கையில் சொம்பு. நேராக எங்கள் ஜாடியிடம் போய்க் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றினார். குனிந்து பார்த்தார். இன்னும் துளி ஊற்றினார்.

நான் எழுந்ததும் மாமி திடுக்கிட்டுப்போனார். "ஏம்மா, திருடி மாதிரி டாங்க் பின்னாடி என்ன பண்றே?"

"மாமி, நீங்க அதுல எதுக்குத் தண்ணி ஊத்தறீங்க?"

"குருவிக்குத்தான். வெயில் கொளுத்தறதே. என் மண்சட்டியப் பூனை உருட்டி உடைச்சுடுத்து. உன் கொழந்தை அழகா செங்கல் அணைச்சுப் பாத்திரம் வெச்சிருக்கா, தண்ணி ஊத்தத்தான் தெனம் மறந்துடறா. நெறைய ஊத்தினா குருவி உள்ள விழுந்துடும்னு நான் கொஞ்சமா ஊத்தறேன்."

தலையில் அடித்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். மாமி முதலில் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு முகம் மாறியது. "அடடா, கொழந்தையோட கணக்கக் கெடுத்துட்டேனே. அவள நீ ஒண்ணும் சொல்லிடலையே?" என்று கேட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது.

மகள் எழுந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். "அம்மா உன்னத் தப்பா பேசிட்டேன். மன்னிச்சுடு," என்றேன். அவள் யோசித்தாள்.

"அப்ப நான் அளந்தது சரிதானே?"

"சரிதான்."

"மழைதான் தப்பு," என்று சொல்லி, பிரிட்ஜ் மேலிருந்து நோட்டை எடுத்துத் தரச் சொன்னாள்.

ஐந்து நாளுக்கும் பூஜ்யம் போட்டுவிடு, வேலை முடிந்தது என்றேன். மாட்டேன் என்றாள். "நடுவுல நெஜமாவே ஒரு சொட்டு விழுந்திருந்தா? பாக்காதத எப்படிம்மா சொல்றது?" வெள்ளந்தியாகத்தான் கேட்டாள். எனக்கு உறைத்தது. ஐந்து நாளும் அளக்க முடியவில்லை என்று திருத்தினாள். குறிப்பு எழுதும் இடத்தில், 'வீட்டுக்கார மாமி குருவிக்குத் தண்ணீர் வைத்துவிட்டார். அவர் மேல் தப்பில்லை' என்று எழுதினாள். அன்று மாலையே பதில் வந்தது. உண்மையைச் சொன்னதற்கு நன்றி, பூஜ்யங்களும் எங்களுக்கு வேண்டும், விடாமல் அனுப்பு என்று இருந்தது. அதை வரி வரியாக மாமிக்கும் படித்துக் காட்டினாள்.

மாமி புது மண்சட்டி வாங்கி, ஜாடியிலிருந்து பத்தடி தள்ளி வைத்தார். கூடவே சட்டதிட்டத்தில் ஒன்று கூடியது. செங்கல் பக்கம் யாரும் போகக் கூடாது. தினம் எட்டு மணிக்குக் கீழேயிருந்து மாமி குரல் கொடுப்பார், "இன்னிக்கு எவ்ளோடி?" மேலேயிருந்து இவள், "ஜீரோ மாமி." இது மூன்று வாரம் நடந்தது.

ஒரு நாள் சாயங்காலம் நிஜமாகவே இடி இடித்து மழை கொட்டியது. மறுநாள் எட்டு மணிக்கு மூன்று பேருமாக மாடிக்கு ஏறினோம். முழங்கால் வலியோடு மாமியும் வந்தார். ஜாடியில் பதினொரு மில்லிமீட்டர். மகள் நோட்டைத் திறந்தாள், ஆனால் எழுதவில்லை. மாமி பக்கம் திரும்பினாள்.

"மாமி, நீங்க ஊத்தலையே?"

"பெருமாள் சத்தியமா இல்லடி கொழந்தே."

பிறகு என்னைப் பார்த்தாள். "அம்மா, நீ?"

"இல்லடா," என்றேன்.

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"சரி, நம்பறேன்," என்று சொல்லிவிட்டு எழுதினாள்.