கும்மட்டத்தின் மறுபக்கம்

வையம்பட்டி வீரமலை கலாசி வேலைக்காரர். உயரத்தில் ஏறி, இரும்புச் சட்டங்களைக் கயிறு கட்டித் தூக்கிப் பொருத்துகிற வேலை. திருச்சியைச் சுற்றி எத்தனையோ கொட்டகைகளுக்குக் கூரை ஏற்றியவர். எல்லாம் நேர்க்கூரை. வட்டக்கூரை ஒன்றே ஒன்றுதான். அந்த ஒன்றுதான் அவரைக் கடைசிவரை விடவில்லை.

அறுபத்து நான்காம் வருஷம் காட்டூர்ப் பக்கம் ஒரு பெரிய கிடங்கு எழும்பியது. உள்ளே ஒரு தூண்கூடக் கிடையாது. நூற்றிருபது அடி அகலத்துக்கு இரும்புக் குழாய்களை முக்கோணம் முக்கோணமாக முடுக்கிய கும்மட்டம். தகடு போடுமுன் மணல் மூட்டை ஏற்றி, தாங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இன்ஜினீயர் இருதயநாதன் முதல் நாளே படித்துப் படித்துச் சொன்னார்.

"வீரமலை, அடியிலேருந்து வளையம் வளையமா, சுத்தி வர ஒரே அளவா வைங்க. குழாயெல்லாம் ஒண்ணையொண்ணு நெருக்கிக்கிட்டுதான் நிக்குது. ஒரு பக்கம் மட்டும் அமுக்கினா மறுபக்கம் எழும்பிடும்."

"சரிங்க" என்றார் வீரமலை. காதில் விழுந்தது, அவ்வளவுதான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகுகாலம். இன்ஜினீயர் இன்னும் வரவில்லை.

"ஈசானிய மூலையை முதல்ல நிரப்பிடுவோம். மத்ததை மத்தியானம் பாத்துக்கலாம்" என்றார் வீரமலை.

நல்லதம்பி சிரித்தான். வீரமலையின் மனைவி வள்ளிக்கண்ணுவுக்கு உடன்பிறந்த தம்பி அவன். "வட்டத்துக்கு ஏது மாமா மூலை?"

"வாயைக் குறைடா மாப்ள. போய் அந்தப் பக்கத்துப் போல்ட்டைப் பாரு."

வடகிழக்கில் எண்பது மூட்டை ஏறியது. தென்மேற்கிலிருந்து நல்லதம்பியின் குரல் வந்தது.

"மாமா! இங்க தூக்குது! போல்ட் கிறீச்சுங்குது. வந்து ஒரு பார்வை பாருங்க!"

"பாரம் இங்க இருக்கு, அங்க எப்படிடா தூக்கும்? இது கும்மட்டமா, தலகாணியா?"

ஆட்கள் கொல்லென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவருக்கு இனித்தது. சாரத்தில் அறுபது தப்படி நடந்திருந்தால் கண்ணாலேயே பார்த்திருக்கலாம். நடக்கவில்லை. இன்னும் பத்து மூட்டை ஏற்றச் சொன்னார்.

வேட்டுப் போட்டது போல ஒரு சத்தம். நெருக்கிக்கொண்டே நிற்க வேண்டிய குழாய் எதிர்ப்பக்கம் இழுபட்டதில் போல்ட் அறுந்துவிட்டது. துள்ளி வந்த குழாய் நல்லதம்பியைத் தட்டிக் கீழே தள்ளியது. உயிர் தப்பியது. இடது கால் அதற்குப் பிறகு நேராக நீளவேயில்லை.

குழாய்களை மாற்றி, இரண்டாம் தடவை சொன்னபடியே வளையம் வளையமாக ஏற்றினார்கள். மூன்று மடங்கு பாரத்துக்கும் கும்மட்டம் ஆடாமல் நின்றது. அதை நிமிர்ந்து பார்க்க வீரமலையால் முடியவில்லை. அன்றோடு இரும்பு வேலையை விட்டார்.

அவரைப் பொல்லாதவர் என்று யார் சொன்னாலும் ஒப்புவதற்கில்லை. நல்லதம்பிக்கு ஸ்ரீரங்கத்தில் தேங்காய் பழக் கடை வைத்துக் கொடுத்தவரே அவர்தான். சனிக்கிழமை தவறாமல் முசிறியிலிருந்து வாழைத்தார் கொண்டுவந்து இறக்குவார். மழையைப் பற்றி, காவிரித் தண்ணீரைப் பற்றிப் பேசுவார். பேச வேண்டியதை மட்டும் விட்டுவிடுவார்.

நாலு வருஷம் கழித்து ஒரு சனிக்கிழமைதான் வாய் வந்தது.

"அன்னிக்கு நீ சொன்னது சரிதான் மாப்ள."

நல்லதம்பி சீப்பு அறுத்துக்கொண்டிருந்தான். "சரி தப்பு யாரு கேட்டா மாமா? கூப்பிட்டப்ப வந்திருக்கலாம்ல."

 வீரமலை தாரைத் தூக்கிக் கயிற்றில் மாட்டினார்.

"கொஞ்சம் இந்தப் பக்கம் வந்து பாருங்க, சாயுது" என்றான் நல்லதம்பி.

வீரமலை உடனே வந்து பார்த்தார்.