உறுமினால் உறுமட்டும்

வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டேதான் பேசுவாள் சோபாக்கா. பேச்சு பல்லிடுக்கில் நசுங்கி வரும். புதிதாக வருபவர்களுக்குப் பாதி புரியாது. "அந்த ஓரத்த இழுத்துப் பிடிங்க, துணி ஒண்ணும் உங்கள கடிச்சிடாது" என்று உறை தைக்கக் கொடுக்க வந்தவரையே வேலை வாங்குவாள். சோபாவுக்கும் நாற்காலிக்கும் உறை தைப்பது தொழில். அதனால் தெருவில் பெரியவர், சிறியவர் எல்லோருக்கும் அவள் சோபாக்காதான். சொந்தப் பெயர் கரண்ட் பில்லில் மட்டும் இருக்கிறது.

காலையில் முதல் வேலை தையல் அல்ல. வெட்டி மிஞ்சிய வெல்வெட்டையும் கம்பளியையும் விரலகலப் பட்டைகளாகக் கிழித்து, பாத்திரம் கழுவும் தொட்டியில் போடுகிற ஓட்டை ரப்பர் விரிப்பு ஒன்றில் முடிச்சு முடிச்சாகக் கட்டியிருக்கிறாள். பார்க்கப் புதர் மாதிரி இருக்கும். அந்தப் புதருக்குள் நாய்த்தீனியை ஒவ்வொன்றாகத் திணிப்பாள். நாய் மூக்கை நுழைத்துத் தேடித் தேடித்தான் தின்ன வேண்டும். "தேடித் தின்னுடா ராசா. உக்காந்த இடத்துக்குச் சாப்பாடு வர்றது இந்த வீட்டுல ஒருத்தருக்குப் போதும்" என்பாள். அந்த ஒருத்தர் பக்கத்து அறையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருப்பார். காதில் விழவேண்டும் என்றுதான் சொல்வது.

விரிப்புக்கு முன்னால் மாத்திரை. வேகவைத்த ஈரல் துண்டைக் கத்தியால் கீறி உள்ளே வைத்து மூடுவாள். முதலில் மாத்திரை இல்லாத துண்டு ஒன்று, நடுவில் மாத்திரை, கடைசியில் மறுபடி வெறும் துண்டு. மூன்றாவதற்கு அவசரப்பட்டு இரண்டாவதை விழுங்கிவிடும். தன்னை யாரும் ஏமாற்றவில்லை என்ற நினைப்பில் வாலாட்டும்.

நாயின் பெயர் பொட்டு. செம்பட்டை உடம்பு, நெற்றியில் மட்டும் கறுப்பாக ஒரு வட்டம். இப்போது கல்லூரி விடுதியில் இருக்கும் மகள் பள்ளியில் படித்தபோது வைத்த பெயர். கடுவன் நாய்க்குப் பொட்டு என்று பெயரா என்று முகம் சுளித்தவர் அக்காவின் கணவர். அவர் வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுப்பவர். வீட்டிலும் தெருவிலும் மாஸ்டர். பயிற்சி காரில் அவர் காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு. பழக வந்தவன் எதைச் செய்தாலும் அவர் அதை மிதித்தால் வண்டி நின்றுவிடும். வீட்டிலும் அப்படி ஒன்று இருக்கிறதென்று இருபத்தி இரண்டு வருஷமாக நம்பி வந்தார்.

குட்டியாக வந்தபோது பொட்டு எல்லாக் குட்டிகளையும் போலத்தான் இருந்தது. மாஸ்டர் கைபேசியில் யாரோ ஒருவனின் வீடியோவைப் பார்த்தார். நாய்க்கு முதலாளி யார் என்று காட்டாவிட்டால் அது நமக்கு முதலாளியாகிவிடும் என்று அவன் சொன்னான். அன்றிலிருந்து பாடம் ஆரம்பித்தது. தின்றுகொண்டிருக்கும்போது தட்டைப் பிடுங்குவார். தூங்குகிற இடத்திலிருந்து காலால் தள்ளுவார். குனிந்து காதைப் பிடித்து மல்லாக்கத் தள்ளி, அது அசையாமல் கிடக்கும்வரை கழுத்தை அமுக்குவார். பொட்டு உறுமும். உறுமினால் மூக்கில் ஒரு அடி. "பார்த்தியா, இப்ப உறுமலே இல்ல. அதான் ட்ரெயினிங்" என்று நாலைந்து வருஷம் கழித்து ஒருநாள் பெருமையாகச் சொன்னார்.

உண்மைதான், உறுமல் நின்றுவிட்டது. அடுத்த வாரம் சோபாவிலிருந்து அதை இறக்கப் போனவரின் மணிக்கட்டைச் சத்தமே இல்லாமல் கவ்வியது. தையல் போடவேண்டி வந்தது.

அதற்குப் பிறகு அக்காவையும் கடித்தது. துணியில் கோடு போடும் சாக்குக் கட்டி மேசைக்கடியில் விழுந்தது. எடுக்கக் குனிந்தாள். அங்கே பொட்டு படுத்திருந்தது அவளுக்குத் தெரியும். ஐந்து வருஷமாக அங்கேதான் படுக்கிறது. ஒரு முனகல் இல்லை, பல் காட்டவில்லை. முன்கையில் நாலு ஓட்டை.

அன்றைக்கு அவளுக்கு நாயின் மேலும் கோபம்தான். அதை மறைத்துப் பேசுகிற பழக்கம் அவளிடம் இல்லை. "என் கையால தின்னுட்டு என் கையையே கடிக்கிறியான்னு வயிறெரிஞ்சுது. பயமும்தான். என் வீட்டுல நானே சுவரோரமா நடந்தேன்" என்பாள். கெட்டி ஜீன்ஸ் துணியில் முழங்கை வரைக்கும் இரண்டு உறை தைத்துப் போட்டுக்கொண்டு கொஞ்ச நாள் வேலை பார்த்தாள்.

மாஸ்டர் முடிவு செய்துவிட்டார். "ஊசி போட்டு முடிச்சிடலாம். வலி இருக்காது. நான் பேசிட்டேன்."

"யார்கிட்ட பேசினீங்க?"

"டாக்டர்கிட்டதான்."

"என்கிட்ட?"

தன்னிடம் கேட்கவேண்டும் என்பதே அவருக்குத் தோன்றவில்லை என்பதை அக்கா அவர் முகத்தில் பார்த்தாள். அவள் கோபத்தில் கத்துகிறவள் இல்லை. தையல் மிஷினின் மிதியை அழுத்துவாள். சத்தம் ஏறும். அன்று எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் உள்ளே போனாராம்.

அவளே பொட்டுவை அழைத்துக்கொண்டு மிருக வைத்தியரிடம் போனாள். நரைத்த தலையை ஒட்ட வெட்டிய ஒரு டாக்டரம்மா. ஊசியைப் பற்றிப் பேசாமல் முதலில் பல்லைப் பார்த்தார், இடுப்பை அமுக்கிப் பார்த்தார், காதுக்குள் விளக்கடித்தார். இரண்டு காதும் உள்ளே புண். "இதைப் பிடிச்சு யாராவது இழுத்தா நானும் கடிப்பேன்" என்றார். பிறகு, "கடிக்கிறதுக்கு முன்னாடி உறுமுமா?" என்று கேட்டார்.

"முன்னல்லாம் உறுமும். இப்ப இல்ல."

"எப்படி நின்னுச்சு?"

அக்கா சொன்னாள். டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "உறுமல்ங்கிறது கிட்ட வராதேன்னு அது மரியாதையா சொல்றது. அதைச் சொன்னா அடி விழும்னு கத்துக் கொடுத்துட்டீங்க. இப்ப சொல்லாம நேரா கடிக்குது. அடிச்சப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"பக்கத்து ரூம்ல தைச்சிட்டிருந்தேன்."

இந்த இடத்தைச் சொல்லும்போது மட்டும் அக்கா வாயிலிருந்து குண்டூசிகளை எடுத்துவிடுவாள்.

காதுக்குச் சொட்டு மருந்து. பதற்றம் தணிய மாத்திரை. "இது தூக்க மாத்திரை இல்ல. உடனே தெரியாது, ஒரு மாசத்துக்கு மேலயும் ஆகும். மாத்திரை அவனுக்குக் கொஞ்சம் மூச்சுவிட இடம் கொடுக்கும். அந்த இடத்துல நீங்க என்ன செய்றீங்கங்கிறதுதான் வைத்தியம். மோப்பம் பிடிக்க, மெல்ல, கிழிக்க வேலை கொடுங்க. தின்னும்போதும் தூங்கும்போதும் யாரும் கிட்ட போகாதீங்க. முழுசா சரியாயிடும்னு நான் சொல்ல மாட்டேன்." கடைசி வாக்கியத்துக்காகத்தான் அந்த டாக்டரம்மாவை நம்பியதாக அக்கா சொல்கிறாள்.

வந்ததும் தையல் அறை வாசலில் இடுப்புயரத்துக்கு மரக்கதவு ஒன்று போட்டாள். உள்பக்கம் அவளுக்கும் பொட்டுவுக்கும். வெளியே கூட்டிப்போக வாய்க்குக் கம்பிக்கூடை ஒன்று வாங்கி, மூக்கில் உறுத்தாமல் உள்ளே பஞ்சு வைத்துத் தைத்தாள். கூடைக்குள் ஈரலைப் போட்டு, பொட்டுவே மூக்கை விட்டுப் பழகும்வரை வாரைப் பூட்டவே இல்லை. நூல் தீர்ந்த அட்டைக் குழல்களுக்குள் தீனியை அடைத்து இரண்டு பக்கமும் மடக்கிக் கொடுத்தாள். கிழித்துப் போட்ட அட்டைக்குப்பை முழங்கால் உயரம் சேர்ந்தது. நாத்தனார் வந்து பார்த்துவிட்டு, "நாய்க்குப் போய் பைத்திய மாத்திரையா? என் அண்ணனுக்குப் பிரஷர் ஏறுது, அதைப் பார்க்க ஆளில்ல" என்றாள். "பிரஷருக்கு உங்கண்ணன் தானா மாத்திரை போட்டுக்குவாரு, அவருக்குக் கை இருக்கு" என்றாள் அக்கா. நாத்தனார் காப்பி குடிக்காமல் போனாள்.

மாதங்கள் போயின. பொட்டு தூக்கத்தில் திடுக்கிடுவது குறைந்தது. கத்தரிக்கோல் கீழே விழுந்தால் காதை மட்டும் திருப்பியது. ஆனால் உறுமவில்லை. அதுதான் அக்காவுக்கு உள்ளூரத் திகில். சத்தமில்லாத நாயோடு ஒரே அறையில் எத்தனை காலம் குனியாமல் இருப்பது?

பிறகு ஒரு மதியம், தைத்த உறைகளைக் கொடுத்துவிட்டுத் திரும்பினாள். மரக்கதவு திறந்து கிடந்தது. தீனித்தட்டு நடுவறையில். பொட்டு மேசைக்கடியின் மூலையில் சுருண்டு நடுங்கிக்கொண்டிருந்தது. மாஸ்டர் கையில் சுருட்டிய செய்தித்தாள்.

"இத்தனை மாசம் மாத்திரை போட்டியே, வேலை செய்யுதான்னு டெஸ்ட் பண்ணினேன். தட்டைப் பிடுங்கினேன். ஃபெயில்."

"கடிச்சுதா?"

"உறுமுச்சு. என்னைப் பார்த்து, என் வீட்டுல நின்னுகிட்டு."

"கடிச்சுதான்னு கேட்டேன்."

"இல்ல. உறுமுச்சுங்கிறேன், காதுல விழலையா?"

அக்கா பையைக் கீழே வைத்தாள். உறுமல் திரும்பிவிட்டது என்று அவளுக்குச் சந்தோஷம். அதே நேரத்தில் எதிரில் நிற்கும் மனிதரை என்ன செய்தால் தகும் என்றும் தெரியவில்லை. "அதை அடிச்சீங்களா?" என்று கேட்டாள்.

"ஒண்ணு போட்டேன்."

அவள் மூலைக்குப் போகாமல் தள்ளியே தரையில் உட்கார்ந்தாள். பொட்டுவின் பக்கம் பார்க்காமல், ஈரல் துண்டுகளைக் கொஞ்சம் தூரத்துக்கு ஒன்றாக உருட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். வெகுநேரம் கழித்து ஒரு துண்டு காணாமல் போனது.

சாயங்காலம் மாஸ்டர் சாப்பிட உட்கார்ந்தார். பரிமாறினாள். அவர் இரண்டு வாய் சாப்பிட்டு, மூன்றாவதைப் பிசைந்துகொண்டிருக்கும்போது கையை நீட்டித் தட்டை இழுத்தாள்.

"ஏய். என்ன இது? வை."

அவள் வைக்கவில்லை.

"வைக்கிறியா இல்லையா?" குரல் ஏறியது. விரல்களில் சோறோடு கை அந்தரத்தில் நின்றது.

"இப்ப நான் உங்க மூக்குல ஒண்ணு போட்டா, நாளைக்கு நான் தட்டைத் தொடும்போது என்ன செய்வீங்க?" அவள் குரல் உயரவே இல்லை. "அஞ்சு வருஷம் நான் பக்கத்து ரூம்ல தைச்சிட்டே இருந்தேன். அது என் தப்பு. அதுக்கு இந்தத் தழும்பு போதும். இனிமே அந்தக் கதவைத் தாண்டி நீங்க வரக்கூடாது. நான் கூப்பிட்டாத்தான் வரணும். ஊசிங்கிற பேச்சு இந்த வீட்டுல இன்னொரு தடவை வந்தா, மிஷினையும் நாயையும் தூக்கிட்டு மக படிக்கிற ஊருக்குப் போயிடுவேன். உறை எந்த ஊர்லயும் தைக்கலாம்."

மாஸ்டர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "நீ முன்னல்லாம் இப்படிப் பேசமாட்டியே" என்றார்.

"ஆமா" என்றாள். தட்டை அவர் முன்னால் திரும்ப வைத்தாள்.

இது நடந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. பொட்டு இன்னும் மாத்திரை சாப்பிடுகிறது. அளவைக் குறைக்கலாமா என்று டாக்டரம்மா யோசிக்கிறார். அதற்கு அக்கா அவசரப்படவில்லை. எலும்பை வைத்துக்கொண்டிருக்கும்போது அவள் கால் நெருங்கினால் பொட்டு தொண்டைக்குள் உறுமுகிறது. "சரிப்பா, உன்னோடதுதான்" என்று காலைப் பின்னுக்கு எடுத்துக்கொள்கிறாள். அதன்பிறகு யாரையும் கடிக்கவில்லை. அவள் இன்னும் யோசிக்காமல் குனிவதில்லை.

சோபாவின் கை கிழிந்து பஞ்சு வந்த கதையோடு யாராவது வந்தால் அளவெடுப்பதற்கு முன் கேள்வி கேட்கிறாள். "நாய்தானே? அடிச்சீங்களா?" ஆமாம் என்று சிரித்துக்கொண்டே சொன்ன ஒருவரிடம், "வேற கடை பாருங்க, இங்க கையில வேலை நெறைய இருக்கு" என்று சொல்லியனுப்பினாள். அன்று வேலை ஒன்றும் இல்லை.

மாஸ்டர் சாயங்காலம் வந்ததும் மரக்கதவுக்கு வெளியே நிற்கிறார். அவள் சொல்லிக்கொடுத்தபடி நேராகப் பார்க்காமல், பக்கவாட்டில் திரும்பி, டப்பாவிலிருந்து ஈரல் துண்டுகளை உள்ளே போடுகிறார். கை கொஞ்சம் விறைப்பாகத்தான் வருகிறது. முன்பெல்லாம் மேசைக்கடியைவிட்டு நகராத பொட்டு, இப்போது பாதி அறை வரை வந்து எடுத்துக்கொண்டு போகிறது. நேற்று இன்னும் கொஞ்சம் முன்னால் வந்தது. மாஸ்டருக்கு முகம் மலர்ந்துவிட்டது. கை தானாகக் கதவின் தாழ்ப்பாளுக்குப் போனது.

சோபாக்கா தலை நிமிரவில்லை. மிஷின் ஓடிக்கொண்டிருந்தது, வாயில் குண்டூசிகள். இடது கையின் ஒரு விரலை மட்டும் துணியிலிருந்து உயர்த்தினாள். மாஸ்டர் தாழ்ப்பாளிலிருந்து கையை எடுக்கும்வரை அந்த விரல் இறங்கவில்லை.