கால் குட்டையான பலகை

தோற்றவன் நாளைக்கும் வருவான், ஜெயித்தவன் வாயைத் துடைத்துக்கொண்டு போய்விடுவான். விளையாட்டை வைத்து வியாபாரம் பார்க்கிற என்னைப் போன்ற அப்பாவிகளுக்கு இது முதல் வாரத்திலேயே விளங்கிவிடும்.

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த கையோடு காஜா பெராங் என்கிற ஊரில் நாங்கள் ஒட்டுக்கடை போட்டோம், தெருவோரம் ஒரு சின்னக் கோப்பிக்கடை. பகலில் என் வீட்டுக்காரர் தச்சுப் பட்டறைக்குப் போய்விடுவார். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் கோப்பி கலக்குவேன். தீபாவளிக்குள் கடை சூடு பிடிக்காவிட்டால் மூட்டை கட்டிக்கொண்டு ரப்பர் தோட்டத்துக்கு, ஓரகத்தி வீட்டுக்கே திரும்ப வேண்டும் என்பது அவர் வைத்த கெடு. ஓரகத்தியோடு ஒரே அடுப்பில் சமைத்த சகோதரிகளுக்கு என் கலக்கத்தை விளக்க வேண்டியதில்லை.

ஆளை இழுக்க அவரே ஒரு பலகை செய்து கொடுத்தார். சரிவான பலகை, வேலி போல ஆணிகள், நடுநடுவே எண் போட்ட குழிகள். குச்சியால் கோலியைத் தள்ளிவிட வேண்டும். ஒரு கோப்பி குடித்தால் மூன்று கோலி. நடுவிலிருக்கும் நூறாம் குழியில் விழுந்தால் ஒரு வடை இனாம்.

விளிம்பில் நின்ற கோலி

முதலில் மாட்டியவர் கிராணி ராஜரத்தினம். ஆபீசில் கணக்கெழுதிக்கொண்டே எல்லாரையும் அதட்டுகிற மனிதர். அவர் தள்ளிய கோலி நூறாம் குழியின் விளிம்பைச் சுற்றியது, கொஞ்சம் நின்று யோசித்தது, பிறகு பக்கத்துக் குழியில் விழுந்தது. அதில் எண் ரெண்டு.

நேராகக் கீழே போயிருந்தால் மனிதர் வீட்டுக்குப் போயிருப்பார். அந்த விளிம்புதான் அவரைக் கெடுத்தது. கோப்பி மேல் கோப்பியாகக் குடித்து வயிறு உப்பிப் போனார். கடைசியில் பலகையை முறைத்துப் பார்த்துச் சொன்னார்: “இதெல்லாம் படிச்சவன் ஆடுற விளையாட்டாம்மா? சுத்தக் குப்பை! சரி சரி, இன்னொரு கோப்பி போடு.”

சாக்குக்கட்டியில் ஒரு பெயர்

அதிகம் அடித்தவர் பெயரைச் சுவரில் எழுதிப் போட்டேன். சும்மா பள்ளிக்கூடத்துச் சாக்குக்கட்டிதான். அது பண்ணிய வேலையை வடை பண்ணவில்லை.

லாரி ஓட்டுகிற முனியாண்டி பெயர் மேலே இருந்தது. அவன் தெங்கேராவுக்கு மீன் ஏற்றப் போன நேரத்தில் முடிவெட்டுகிற சின்னப்பன் வந்து அவனை முந்திவிட்டான். திரும்பி வந்த முனியாண்டி சுவரைப் பார்த்தான். லாரியை வெயிலில் அப்படியே போட்டுவிட்டுக் குச்சியைக் கையில் எடுத்தான். தெரு முழுக்க ஈ. “மார்க்கெட்டுக்குப் போப்பா, மீன் கெட்டுப்போகுது” என்றேன். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“மீனு நாளைக்கும் வரும்க்கா. அந்தச் செரைக்கிறவன் பேரை இன்னைக்கே அழிச்சாகணும்.”

தச்சர் செய்த உபகாரம்

பலகையின் இடது கால் கொஞ்சம் குட்டை. கோலி இடப்பக்கமே இழுக்கும். வழக்கமாக வருகிறவர்கள் அதைக் கண்டுபிடித்து, அதற்கேற்ற மாதிரி தள்ளப் பழகியிருந்தார்கள். என் வீட்டுக்காரருக்குத்தான் அது மானப் பிரச்சினை. தச்சன் வீட்டில் கோணல் பலகையா? ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு காலையும் சமமாக்கி, வளைந்த ஆணிகளைப் பிடுங்கி நேராக அடித்து, பெருமையோடு என்னைப் பார்த்தார்.

மறுநாள் நூறு மழையாகக் கொட்டியது. வடைச்சட்டி காலி. பிறகு வடைக்காகச் சிலர் வந்தார்கள். அப்புறம் அவர்களும் இல்லை. கிராணி வந்து தள்ளினார், முதல் கோலியே நூறு. துள்ளிக் குதிப்பார் என்று பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். வடையை எடுக்கவேயில்லை.

“அவ்வளவுதானா? இதுக்கா தங்கச்சி இத்தனை நாளு நான் தூக்கங்கெட்டேன்?”

ரம்பம்

தீபாவளி நெருங்கியது. தோட்டத்திலிருக்கும் தன் அண்ணனுக்குச் சொல்லியனுப்பிவிட்டதாக வீட்டுக்காரர் சொன்னார். பாத்திரங்களைச் சாக்கில் கட்டவும் தொடங்கிவிட்டார். “சாயந்தரம் வந்து பலகையைப் பிரிச்சிடறேன்” என்று சொல்லிவிட்டுப் பட்டறைக்குப் போனார்.

அவர் தலை மறைந்ததும் குழந்தையை ஏணையில் போட்டேன். அவருடைய ரம்பத்தை எடுத்து, இந்தத் தடவை வலது காலில் ஒரு விரற்கடை அறுத்தேன். நாலைந்து ஆணிகளைச் சுத்தியலால் வளைத்துவிட்டேன். சுவரிலிருந்த பெயர்களை அழித்தேன். “பலகையை மாத்தியாச்சு, எல்லாரும் முதல்லேருந்து ஆடணும்” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னேன். மத்தியானமே சின்னப்பன் வந்துவிட்டான், சவரம் பாதியில் நின்ற ஒரு வாடிக்கையாளரையும் சோப்பு நுரையோடு கூட்டிக்கொண்டு. இரண்டு கோலி தள்ளிப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. எங்கே அறுத்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். கையெடுத்துக் கும்பிட்டான்.

“அக்கா, புண்ணியமாப் போவுது, சொல்லாதீங்க. நானே கண்டுபிடிக்கிறேன்.”

வரிசையில் ஒருவர்

சாயந்தரம் பலகையைப் பிரிக்க வந்த வீட்டுக்காரருக்குக் கடைக்குள் நுழைய இடமில்லை. “தள்ளுங்கப்பா, இது என் கடை” என்றார். “எல்லாருக்கும் அவசரந்தான், வரிசையில நில்லுங்க” என்று கிராணி அதட்டினார். நின்றார். முறை வந்ததும் தள்ளினார். கோலி நூறை நோக்கி அழகாக ஓடி, விளிம்பில் ஒரு சுற்றுச் சுற்றி, விலகிப் போனது. குனிந்து பலகைக் காலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று குழந்தையைக் கேடயமாகத் தூக்கிக்கொண்டேன்.

“நான் செஞ்ச பலகை, எனக்கே விழ மாட்டேங்குதே! அந்தச் சாக்கை அவுத்து டம்ளரை எடு, எனக்கும் ஒரு கோப்பி போடு.”

எங்கள் குடித்தனம் காஜா பெராங்கில் ஆடாமல் நிற்பது, கால் குட்டையான அந்த ஒரு பலகையின் தயவில்தான்.