எண்பத்தெட்டு வோல்ட்

நேற்று மஃரிபுக்குப் பாங்கு சொல்லும் நேரம், நான் பிடிவாதமாக மாற்றாமல் வைத்திருக்கும் குசினிக் குண்டு பல்ப் மஞ்சளாகச் சுருங்கியது. பேத்தி சோற்றுக் குக்கரை முறைத்துவிட்டு, "வோல்டேஜ் காணாது மூத்தவாப்பா" என்றாள். காணாது என்பது எனக்கும் தெரியும். எத்தனை வோல்ட் குறைகிறது என்பதுதான் பேச்சு. அப்படிக் கேட்டுப் பழகிய வாயால்தான் ஐம்பதுகளில் என் கல்யாணமே கவிழப் பார்த்தது.

மங்கிய பல்பைக் கண்டால் எனக்கு டீசல் மணக்கும். கல்லோயா அணைக்கட்டுப் பக்கம் இரண்டு வருஷம் வயர் வேலை பார்த்துவிட்டு, கையில் ஒரு வோல்ட் மீட்டரும் தலையில் கொஞ்சம் கனமுமாக ஊருக்குத் திரும்பியிருந்தேன். அந்த வருஷக் கந்தூரிக்குப் பள்ளிவாசலுக்கு கரண்ட் எடுக்க ஒரு நூற்றிப்பத்து வோல்ட் டீசல் எஞ்சின் வந்தது. ஓட்டத் தெரிந்தவன் ஊரிலேயே நான் ஒருவன்தான். சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு அதன் பக்கத்தில் நான் நின்ற நிற்பை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

எங்கள் பக்கத்தில் தாய்வழியாக வருவதுதான் குடி. கந்தூரிக்கு ஒவ்வொரு குடியும் தெருவில் தன் பந்தலைப் போட்டு, வருகிறவர்களுக்குச் சர்பத் கொடுக்கும். என் உம்மாவின் குடிப் பந்தல் பள்ளிவாசலோடு ஒட்டியிருந்தது. நான் கட்டப்போகும் ஹாஜராவின் குடிப் பந்தல் கடற்கரை முனையில். நடுவில் நல்ல தூரம். ஒரு குடி இன்னொரு குடியின் வயரிலிருந்து வெளிச்சம் எடுப்பது மானக்கேடு. ஆகவே கடற்கரைக் குடியார் தெரு நீளத்துக்கும் தங்களுக்கென்று தனி வயர் இழுத்தார்கள். கிடைத்த வயரோ நூல் மாதிரி மெல்லியது. "இது தாங்காது" என்றேன். கேட்டால்தானே!

முதல் நாள் எஞ்சின் ஓடியது. எல்லாருக்கும் ஐந்தைந்து நூறு வாட் பல்ப். எங்கள் பந்தல் பகலாகிவிட்டது. கடற்கரைப் பந்தலில் ஐந்தும் பழுத்த எலுமிச்சை நிறத்தில் தொங்கின. ஹாஜராவின் வாப்பா விறுவிறு என்று நடந்து வந்தார்.

"உம்மாட குடிக்கு மட்டும் வெளிச்சம், எங்களுக்கு இருட்டு. வேணுமெண்டுதானே செஞ்ச நீ?"

"இல்ல மாமா, வயர்தான்..."

"வயரப் பத்திக் கதைக்காத. நாளைக்குப் பள்ளிக்கு முன்னால மன்னிப்புக் கேளு. இல்லாட்டி எங்கட ஊட்டுப் படிய மிதிக்காத."

கோபம் தலைக்கேறியது. செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பா? ஹாஜராவை எனக்குப் பிடிக்கும், மிகவும் பிடிக்கும். ஆனாலும் தலை குனிந்துகொண்டு அந்த வீட்டுக்குள் மாப்பிள்ளையாகப் போக என்னால் முடியாது.

மீட்டரைத் தூக்கிக்கொண்டு கடற்கரைப் பந்தலுக்கு ஓடினேன். எண்பத்தெட்டு வோல்ட். எஞ்சினில் நூற்றிப்பத்து. இருபத்திரண்டு வழியில் காணாமல் போயிருக்கிறது. அந்த வயரில் மட்டும் ஓடிய கரண்ட், எஞ்சினடி மீட்டரில் பார்த்தேன், நாலு அம்பியர். மறுநாள் காலையில் பள்ளிவாசல் மதிலில் கரிக்கட்டியால் எழுதினேன். இருபத்திரண்டை நாலால் பிரித்தால் வயரின் தடை ஐந்தரை ஓம். இருபத்திரண்டை நாலால் பெருக்கினால் எண்பத்தெட்டு வாட், வயரைச் சும்மா சூடாக்கிய சக்தி. ஐந்நூறு வாட் கிடைக்கவேண்டிய பந்தலுக்குக் கிடைத்தது எண்பத்தெட்டை நாலால் பெருக்கி முந்நூற்றைம்பத்திரண்டு வாட். பார்த்தவர்கள் நான் ஏதோ பேயோட்டும் இஸ்மு எழுதுகிறேன் என்று தள்ளி நின்றார்கள்.

"மன்னிப்புக் கேக்க மாட்டன்" என்றேன் மாமாவிடம், ஊர் கேட்க. "இண்டைக்கு எஞ்சின ஒங்கட பந்தலடியில வைக்கிறன். இதே வயரால எங்கட குடிக்குக் கரண்ட் குடுக்கிறன். அங்க எண்பத்தெட்டுக் காட்டும். காட்டாட்டிக் கல்யாணமும் வேணாம், ஊரும் வேணாம்."

எஞ்சினை மாட்டு வண்டியில் ஏற்றினோம். எங்கள் குடிப் பெரியவர்கள் என்னைத் திட்டாத திட்டில்லை. அந்திக்கு எஞ்சின் ஓடியது. கடற்கரைப் பந்தல் பளீரென்றது. எங்கள் பந்தல் பல்புகள் மஞ்சளாகிச் சுருங்கின. என் சொந்தக் குடி இருட்டில் நின்றதைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டவன் நானாகத்தான் இருப்பேன்.

மாமாவே குனிந்து மீட்டரைப் பார்த்தார். முள் எண்பத்தேழில் நின்றது. நான் சொன்னதற்கு ஒன்று குறைவு. அவர் மங்கிய பல்புகளைப் பார்த்தார், மீட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"வயர்தான்" என்றார். அவரும் மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் எஞ்சினை நடுத்தெருவில் வைத்தோம், இரண்டு பந்தலுக்கும் ஒரே வெளிச்சம். அடுத்த மாதம் கல்யாணம்.

கல்யாணத்தன்று ஹாஜரா என்னிடம் முதல் முதலாகக் கதைத்தது இதுதான்: "எண்பத்தேழுதானே காட்டின? எண்பத்தெட்டெண்டு பெரிசாச் சொன்னீங்க!"

"அந்த ஒண்டு எஞ்சின்ட பிழை" என்றேன். அன்று தொடங்கியது. வீட்டில் எப்போது பல்ப் மங்கினாலும் அவள் குசினிக்குள் இருந்து "எண்பத்தேழு!" என்று குரல் கொடுப்பாள். நான் விட்டுக்கொடுக்காமல் "எஞ்சின்ட பிழை!" என்று கத்துவேன். ஐம்பது வருஷத்துக்கு மேல் நடந்த வழக்கு இது.

அந்த மதிலைச் சுனாமியில் கடல் கொண்டுபோய்விட்டது. பந்தல்கள் இல்லை. பேத்திக்குத் தான் எந்தக் குடி என்பதே தெரியாது, தெரியவும் வேண்டாம். நேற்று பல்ப் மங்கியபோது பழக்கத்தில் பதிலோடு வாயைத் திறந்துவிட்டேன். குசினிக்குள் இருந்து "எண்பத்தேழு!" சொல்ல ஹாஜரா இப்போது இல்லை. இருந்தாலும் சொன்னேன், உரத்துத்தான் சொன்னேன்: "எஞ்சின்ட பிழை!"

பேத்தி திரும்பிப் பார்த்து, "எந்த எஞ்சின் மூத்தவாப்பா?" என்றாள்.